மூலமும் உரையும்: இருண்ட திரை கற்பித்த பாடம்

தமிழாசிரியன் ஒருவன் கணிப்பொறியைப் பற்றி எழுதப் புகுந்தால், தன் வயலை விட்டு அயலான் வயலில் ஏர் பூட்டுகிறானே என்று கற்றோர் நகைக்கக்கூடும். ஆயினும், இம்மலருக்கென நாம் எடுத்துக்கொண்ட செய்தி நம் துறைக்கு முற்றும் புறம்பானதன்று. மூலம், உரை என்னும் இரு சொற்களோடு வாழ்நாளைக் கழிப்பவர் நாம். அவ்விரு சொற்களின் அருமையை நமக்குப் புதிதாய் உணர்த்தியது ஒரு நூலன்று. தொட்டியத்தில், ஒரு சிறு வீட்டில், ஒரு சனிக்கிழமை இரவு இருண்டு போன கணிப்பொறித் திரையே அது.

தொட்டியம் நாம் பிறந்த ஊர். காவிரியின் வடகரையில், முசிறிக்கு மேற்கே, வாழையும் வெற்றிலையும் கோரையும் விளையும் ஊர். திருச்சிராப்பள்ளியில் பணியேற்று ஆண்டுகள் பல ஆயினும், வாரக் கடைசியில் பேருந்தேறி ஊருக்குச் சென்று வருவது நம் வழக்கம். அவ்வூரிலிருந்தே நம் கல்லூரிக்கு வந்து முதுகலைத் தமிழ் பயிலும் மாணவி ஒருவர், தம் பாட்டியார் பாடிய தாலாட்டுகளையும் நடவுப் பாட்டுகளையும் தொகுத்து ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். பாடிய பாட்டியார் 2025-ஆம் ஆண்டின் கோடையில் காலமாகிவிட்டார். ஆகவே அப்பாட்டுகள் இனிக் கேட்டு எழுதக் கூடியவை அல்ல. எழுதியவை அனைத்தும் வீட்டிலிருந்த ஒரே கணிப்பொறியில் இருந்தன.

அக்கணிப்பொறி மாணவியின் அண்ணனுடையது. அவர் தொட்டியம் கடைவீதியில் திருமண ஆல்பம் வடிவமைக்கும் சிறு நிலையம் நடத்தியவர். தொழில் நொடித்தபின் வாழைத்தார் ஏற்றும் வண்டி ஓட்டுகிறார். நிலையம் மூடியபோது வீட்டிற்கு வந்த பொருள் அந்தக் கணிப்பொறி ஒன்றே. படவேலைக்கெனத் தனியாக 11,000 ரூபாய் கொடுத்து வாங்கிய வரைகலை அட்டையும் அதனுள் இருந்தது.

நாம் கொடுத்த அறிவுரை

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொதுவான ஆதரவு முடிவுற்றதை அன்பர்கள் அறிவர். 2015 சூலையில் வெளிவந்த அத்தளத்திற்குப் பின் 2021-இல் வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் இருந்தாலன்றித் தன்னை முறைப்படி நிறுவ இசைவதில்லை. நன்றாக உழைத்துக்கொண்டிருந்த பல கணிப்பொறிகள் இந்த ஒரு நிபந்தனையால் பழம்பொருள்களாயின. மாணவியின் வீட்டுக் கணிப்பொறியும் அவற்றுள் ஒன்று.

“ஐயா, இதற்கு இனிமேல் பாதுகாப்பு இல்லை என்கிறார்களே, என்ன செய்யலாம்?” என்று அவர் கேட்டார். நாம் சிறிதும் தயங்கவில்லை. லினக்ஸ் வழிப்பட்ட கட்டற்ற இயங்குதளம் ஒன்றை நிறுவலாம், விலை இல்லை, மூலநிரல் எவர்க்கும் திறந்திருக்கிறது, நாமே வந்து நிறுவித் தருகிறோம் என்று வாக்களித்தோம். துறையில் இருந்த நம் கணிப்பொறியில் அவ்வாறு மாற்றி ஓராண்டு இடரின்றிப் பயன்படுத்திய துணிவு நமக்கு. அத்துணிவில் ஒரு பெருமிதமும் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

சனிக்கிழமை மாலை அமர்ந்தோம். பழைய தளத்தை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே புதியதை நிறுவினோம். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. தமிழ் எழுத்துகள் திரையில் அழகாகத் தோன்றின. மாணவியின் முகம் மலர்ந்தது. ஆனால் திரை சிறிது நேரத்திற்கொருமுறை அப்படியே உறைந்து நின்றது. சுட்டியை அசைத்தாலும் அசையவில்லை. வரைகலை அட்டைக்கு உரிய இயக்கி சரியாகப் பொருந்தவில்லை என்று ஊகித்தோம். அட்டையைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து லினக்ஸுக்கென்று அவர்கள் முன்பு வெளியிட்டிருந்த இயக்கியை இறக்கிப் பொருத்தி, கணிப்பொறியை மறுபடி தொடங்கினோம்.

திரை கறுத்தது. மேல் மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் மின்னி மின்னி மறைந்தது. மும்முறை அணைத்துத் தொடங்கினோம். மும்முறையும் அதே இருள்.

திங்கட்கிழமை முதல் இயலைத் துறையில் ஒப்படைக்க வேண்டும். கோப்புகளுக்கு வேறு படி எடுத்து வைத்திருக்கிறதா என்று அப்போதுதான் மாணவியைக் கேட்டோம். இல்லை என்று தலையசைத்தார். நிறுவுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அடுப்படியிலிருந்து வந்த அவருடைய தாயார் திரையையும் நம்மையும் மாறி மாறிப் பார்த்து, “வாத்தியார் தம்பி, அத்தை பாடுனதெல்லாம் உள்ளே இருக்குதுல்ல?” என்றார். இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல நமக்கு நா எழவில்லை.

இயக்கி என்பது யாது?

நிற்க. அந்த இருளின் காரணத்தை அறிய, இயக்கி என்பது யாதென விளங்கிக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் டிரைவர் எனப்படுவது இது.

வரைகலை அட்டை என்பது கணிப்பொறிக்குள் செருகப்படும் ஒரு பலகை. எழுத்தாயினும் படமாயினும் அதைப் புள்ளிகளாகத் திரையில் வரைவது அதன் தொழில். 1920-க்கு 1080 என்னும் அளவுடைய திரையில் 20 லட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. அவை பொதுவாக நொடிக்கு 60 முறை திரைக்கு அனுப்பப்படுகின்றன. இவ்வளவு வேலையையும் செய்யும் அட்டைக்கு நம் மொழியும் தெரியாது. இயங்குதளத்தின் மொழியும் தெரியாது. ஒவ்வொரு நிறுவனத்தின் அட்டைக்கும், பல வேளைகளில் ஒவ்வொரு தலைமுறை அட்டைக்கும், தனித்தனிக் கட்டளை மொழி உண்டு. இயங்குதளம் சொல்வதை அம்மொழிக்கு மாற்றி உரைக்கும் மென்பொருளே இயக்கி.

நம் துறைச் சொல்லால் கூறின், அட்டை என்பது அரும்பதங்கள் நிறைந்த ஒரு நூல். இயங்குதளம் அதைக் கற்க வந்த மாணாக்கன். இயக்கி இருவர்க்கும் இடையில் நிற்கும் உரை. உரையில்லாமல் மாணாக்கன் நூலைத் திறந்து வைத்துக்கொண்டு விழிப்பான். அந்த இரவில் திரை விழித்ததும் அவ்வாறே.

உரைகளில் இருவகை உண்டு. முதல் வகை, எவரும் படிக்கவும் படியெடுக்கவும் திருத்தவும் இடந்தருவது. தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் உரை கண்டார். பின்வந்த சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் முன்னை உரைகளை ஆராய்ந்து, ஏற்பன ஏற்று மறுப்பன மறுத்துத் தம் உரைகளை வகுத்தனர். மூலமும் முன்னை உரையும் கைக்கு எட்டியதால் அன்றோ அது இயன்றது? திறமூல இயக்கி இவ்வகையினது. அதன் மூலநிரல் லினக்ஸின் உட்கருவாகிய கெர்னலோடு சேர்ந்தே வளர்கிறது. கெர்னல் மாறும்போது அதைக் காப்பவர்கள் இயக்கியையும் உடன் திருத்துகின்றனர்.

இரண்டாம் வகை, பொருளை மட்டும் சொல்லிவிட்டுச் சுவடியைப் பூட்டி வைத்துக்கொள்வது. மூடிய இயக்கி இத்தகையது. செய்த நிறுவனம் அதைப் புதுப்பிக்கும் வரையில் அது சிறப்பாகவே உழைக்கும். பல வேளைகளில் திறமூல இயக்கியைவிட விரைவாகவும் உழைக்கும். நிறுவனம் கைவிட்ட அன்று அதற்கு வயது நின்றுவிடுகிறது. கெர்னல் மேலே செல்கிறது. இயக்கி பழைய இடத்திலேயே நிற்கிறது. மூலநிரல் வெளியில் இல்லாமையால் அதைத் திருத்திப் பொருத்தப் பிறரால் இயல்வதில்லை. மாணவியின் அண்ணனுடைய அட்டைக்கு நேர்ந்தது இதுவே. அவ்வட்டை எந்நிறுவனத்தது என்பது இங்கு வேண்டா. பழைய அட்டைகளை இவ்வாறு கைவிடும் வழக்கம் ஒரு நிறுவனத்தோடு நின்றதன்று.

உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய காலந்தொட்டு ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த வரலாற்றை நம் மாணவர்க்கு ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். படியெடுக்கப்படாத ஏடு செல்லுக்கு இரையாகும் என்பது அவ்வரலாறு தரும் பாடம். மூடிய மென்பொருளும் படியெடுக்க இசையாத ஏடே. அதை அரிப்பது காலம் என்னும் செல்.

அச்சுப்பொறியில் பிறந்த இயக்கம்

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தொடக்கத்திலேயே ஓர் இயக்கியின் கதை இருக்கிறது என்பது வியப்பான செய்தி. 1980-ஐ ஒட்டி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வகத்திற்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் சிக்கிக்கொண்டால் பயன்படுத்துவோர்க்கு அறிவிக்குமாறு அதன் மென்பொருளைத் திருத்த விரும்பினார் ரிச்சர்டு ஸ்டால்மன். முந்தைய அச்சுப்பொறிக்கு அவர் அவ்வாறு செய்திருந்தார். புதியதற்கு மூலநிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த ஒருவர், வெளியிடுவதில்லை என்று ஒப்பந்தம் செய்திருப்பதாகக் கூறித் தர மறுத்தார். அந்த மறுப்பு ஸ்டால்மன் நெஞ்சில் ஆழப் பதிந்தது. 1983 செப்டம்பரில் அவர் ‘க்னூ’ திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். இரண்டும் இணைந்து இன்றைய கட்டற்ற இயங்குதளங்கள் எழுந்தன.

ஆனால் வரைகலை அட்டைகளின் வாயில் எளிதில் திறக்கவில்லை. இன்டெல் நிறுவனம் தன் உள்ளமைந்த வரைகலைக்கான திறமூல இயக்கிகளை நெடுநாளாகத் தானே வளர்த்து வருகிறது. ஏ.டி.ஐ.யை வாங்கிய ஏ.எம்.டி. நிறுவனம் 2007 செப்டம்பரில் அட்டைகளின் உள்ளமைப்பு ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. என்விடியா நிறுவனம் மூடிய இயக்கியையே நெடுங்காலம் தந்து வந்தது. 2012 சூனில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் டோர்வால்ட்ஸ் அந்நிறுவனத்தின் மீது கொண்ட சினத்தை வெளிப்படையாகவே காட்டியதை உலகம் அறியும். 2022 மேயில் அந்நிறுவனமும் தன் இயக்கியின் கெர்னல் பகுதியைத் திறந்தது. ஆயினும் அது 2018 முதல் வந்த தலைமுறை அட்டைகளுக்கே உதவும். எஞ்சிய பகுதிகள் மூடியே உள்ளன.

நிறுவனங்களின் பக்கத்தையும் எண்ணிப் பார்ப்பதே நடுநிலை. பல்லாண்டு உழைப்பில் கண்ட நுட்பத்தைப் போட்டியாளர் அறிந்துவிடுவர் என்னும் அச்சம் அவற்றுக்கு உண்டு. இயக்கியின் சில பகுதிகள் பிறரிடம் உரிமம் பெற்றவையாக இருக்கலாம். அவற்றை வெளியிட அவற்றுக்கே உரிமை இராது. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பின்னும் ஒரு வினா எஞ்சுகிறது: விற்றுத் தீர்ந்து, ஆதரவும் நிறுத்தப்பட்ட பழைய அட்டையின் நுட்பத்தைப் பூட்டி வைப்பதால் எவர்க்கு என்ன பயன்?

பூட்டிய கதவின் முன் சும்மா இராதவர்களும் உண்டு. ‘நூவோ’ என்னும் திட்டத்தினர் என்விடியா அட்டைகளுக்கு ஆவணமே இல்லாமல் இயக்கி எழுத முனைந்தனர். பிரெஞ்சு மொழியில் நூவோ என்றால் புதியது என்று பொருள். மூடிய இயக்கி ஓடும்போது அட்டைக்கு அது என்னென்ன கட்டளைகளை அனுப்புகிறது என்று பதிவு செய்து, ஒப்பிட்டு, ஒவ்வொன்றின் பொருளையும் உய்த்துணர்ந்தனர். இலக்கியத்தைக் கண்டு இலக்கணம் வகுக்கும் நம் மரபு இங்கு நினைவுக்கு வருகிறது. அவ்வுழைப்பு 2010-இல் லினக்ஸ் கெர்னலில் இடம்பெற்றது. 2014-இல் வந்த சில அட்டைகள் தொடங்கி, நிறுவனத்தின் கையொப்பம் பெற்ற நிலைபொருளை மட்டுமே அட்டை ஏற்கும் என்றானபோது, அவர்களால் அட்டையின் முழு வேகத்தையும் எட்ட முடியாமற் போயிற்று. இலக்கணம் தெரிந்தும் நுழைவுச் சீட்டு இல்லாத நிலை அது.

விடிந்தது

தொட்டியத்து வீட்டிற்கு மீள்வோம். இரவு பதினோரு மணி அளவில் நம் பழைய மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். கணிப்பொறித் துறையில் பணிபுரியும் அவர், தொடக்கப் பட்டியல் தோன்றும்போது ‘ஈ’ விசையை அழுத்தி, கெர்னலுக்குரிய வரியின் இறுதியில் ‘நோமோட்செட்’ என்னும் சொல்லைச் சேர்க்கச் சொன்னார். கெர்னல் தானாக அட்டையின் திரைமுறையை மாற்ற வேண்டா, எளிய முறையில் தொடங்கினால் போதும் என்பது அச்சொல்லின் பொருள். அவ்வாறே செய்தோம். பெருத்த எழுத்துகளோடு மங்கலாக ஒரு திரை எழுந்தது. முதலில் மாணவியின் கோப்புறையைத் தேடினோம். நாற்பத்து மூன்று பாட்டுகளும் இருந்தன. பேனா நினைவகத்தில் படியெடுத்து மாணவியின் கையில் கொடுத்த பிறகுதான் அவர் தாயார் தந்த தேநீரைக் குடித்தோம்.

நிலையான தீர்வு மறுநாள் காலை கிடைத்தது. கணிப்பொறியின் தாய்ப்பலகையிலேயே உள்ளமைந்த வரைகலை ஒன்று உண்டு. அதற்குத் திறமூல இயக்கி கெர்னலிலேயே இருக்கிறது. தனி அட்டையைக் கழற்றிவிட்டுத் திரையின் வடத்தைத் தாய்ப்பலகையில் செருகிப் பாருங்கள் என்றார் நம் பழைய மாணவர். மாணவியின் அண்ணனே திருகாணியைக் கழற்றி அட்டையை எடுத்தார். வடத்தை மாற்றிச் செருகினோம். பொத்தானை அழுத்தியதும் திரை தெளிவாக விளங்கியது. அதன்பின் ஒருமுறையும் உறையவில்லை. முதல் இயல் திங்கட்கிழமை துறைக்கு வந்து சேர்ந்தது.

அட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டே அண்ணன் ஒரு கேள்வி கேட்டார்: “சார், இது நான் காசு போட்டு வாங்கின பொருள். கெட்டும் போகலை. இருந்தும் இது இனிமே வேலைக்கு ஆகாதுன்னா, இதுக்குச் சொந்தக்காரன் யார் சார்?”

நாம் விடை கூறவில்லை. அவ்வினாவுக்கு விடை காணவே இக்கட்டுரை.

கேட்க வேண்டிய காலம்

வாங்கிய பின் கேட்கும் கேள்விக்கு வலிமை இல்லை. வாங்குமுன் கேட்கும் கேள்விக்கே வலிமை உண்டு. தனி ஒருவர் கேட்டால் நிறுவனங்களின் செவியில் ஏறாது. அரசும் கல்லூரியும் கேட்டால் ஏறும். நம் மாநிலத்தில் எல்காட் நிறுவனம் சி.உமாசங்கர் அவர்கள் மேலாண்மை இயக்குநராயிருந்த காலத்தில், 2007-ஐ ஒட்டி, தன் அலுவலகத்தைச் சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸும் இணைந்தே வந்தன. இரண்டும் இயங்கும் பொருளையே வழங்க வேண்டும் என்றமையால், இயக்கி தேடி இருளில் தவிக்கும் நிலை அம்மாணவர்க்கு நேரவில்லை. கேரளத்துப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே தகவல் தொழில்நுட்பம் கற்பித்து வருகின்றன. பெருந்தொகையாக வாங்குவோர் நினைத்தால் வாயில் திறக்கும் என்பதற்கு இவை சான்று.

ஆகவே கல்லூரி நிர்வாகத்துச் சான்றோர்க்கு நம் பணிவான வேண்டுகோள் ஒன்று. கணிப்பொறிகளுக்கு விலைப்புள்ளி கோரும்போது, விலை, உத்தரவாதம் ஆகிய வினாக்களோடு இன்னும் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும்: ‘இதன் வரைகலைக்கும் பிற உறுப்புகளுக்கும் திறமூல இயக்கி உண்டா?’ அந்த ஒரு வரி பத்தாண்டுக்குப் பின் வரும் மாணவர்க்கு நாம் சேர்த்து வைக்கும் செல்வம்.

மாணவச் செல்வங்களுக்கும் சில சொற்கள். இயங்குதளம் மாற்ற விரும்பினால் முதலில் கோப்புகளை வெளியே படியெடுத்து வையுங்கள். நிறுவுவதற்கு முன் பேனா நினைவகத்திலிருந்தே புதிய தளத்தை ஓட்டிப் பாருங்கள். திரை, ஒலி, கம்பியில்லா இணைப்பு மூன்றையும் சோதியுங்கள். உங்கள் அட்டை எது, அதற்கு எந்த இயக்கி என்று அறிந்த பின்பே இறங்குங்கள். திரை இருண்டால் அஞ்ச வேண்டா; ‘நோமோட்செட்’ என்னும் சொல்லை நினைவில் வையுங்கள்.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒன்று. விடுதலையின் பெருமையைப் பிறர்க்கு உரைப்பது எளிது. அவ்விடுதலைக்காக மாணவியின் ஒரே கணிப்பொறியையும், மறைந்த மூதாட்டியின் பாட்டுகளையும் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை. வழிகாட்டுவோன் முன்னரே அவ்வழியில் நடந்து, பள்ளம் எது மேடு எது என அறிந்திருத்தல் வேண்டும். அன்று நாம் அறியாமலே காட்டினோம். இன்று அறிந்து கூறுகிறோம்.

அந்த அட்டை தொட்டியத்து வீட்டுப் பரணில் துணிப்பொதிக்குள் பழுதின்றி இருக்கிறது. அதன் உரையைத் திறந்து வைக்கும் நாள் வருமாயின் அது மீண்டும் உழைக்கும். அந்நாள் வரும்வரை, மூலத்தைத் திறந்து தருவோரைப் போற்றுவோமாக. வாங்குமுன் கேட்கும் துணிவைப் பெறுவோமாக!